கள்ளப் படத் தளத்தை அடைக்கட்டும், பட்டியலை யார் பார்ப்பது?

மண்டோர் பேரன்:
சுங்கை சிப்புட்டில் இந்த வாரம் காப்பிக் கடை, முடிவெட்டும் கடை, எங்கே போனாலும் ஒரே புலம்பல்: "பெட்டி ஓடல." பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் வாங்கிய, இணையத்தில் கள்ளப் படம் காட்டும் டிவி பெட்டிதான். திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விற்றவனைக் கூப்பிட்டால், "தளத்தை அடைச்சிட்டாங்க அண்ணே, புது லிங்க் வரும்" என்கிறான்.

பெட்டி வாங்கியவர்களுக்காக நான் அழப் போவதில்லை. தளத்தை அடைத்ததற்குக் கைதட்டுகிறவர்களிடம்தான் கேள்வி. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு சொன்னது. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை அடைத்த தளங்கள் 24,277. இணையச் சூதாட்டம் 39 விழுக்காடு, ஆபாசம் 31, பதிப்புரிமை மீறல் 14, விபசாரம் 2, மோசடி முதலீடு 2. மீதி 12 விழுக்காடு "தீங்கான பிற தளங்கள்". கிட்டத்தட்ட 2,900 தளம். அவை என்னென்ன? யார் முடிவு செய்தது? எனக்குப் பயம் அந்தப் 12 மேல்தான்.

குறும்படக்காரன்:
அண்ணே, உங்கள் பயம் அந்த 12 மேல். என் சோறு அந்த 14 மேல். நான் எடுத்த டெலிமூவியை ஒரு டெலிகிராம் குழுவில் பார்த்தேன். என் பெயர் வரும் இடத்தில் ஒரு சூதாட்டத் தளத்தின் விளம்பரம் மிதக்கிறது. கதாநாயகி அழும் காட்சியில் மூலையில் "முதல் டெபாசிட்டுக்கு போனஸ்" என்று மின்னுகிறது. அதற்குக் கீழே நம்ம ஊர்க்காரர் ஒருவர் "கிளியர் பிரிண்ட், நன்றி" என்று கைகூப்புகிறார்! சூதாட்டம், கள்ளப்படம் என்று கணக்கில் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். தொழில் ஒன்றுதான். படத்தைக் காட்டி ஆளை இழுத்து, சூதாட்டத்தில் காசைப் பிடுங்குகிறார்கள்.

மலேசியாவில் தமிழ்ப் படம் எடுப்பவனுக்குப் பார்வையாளர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். முதல் வாரத்தில் வர வேண்டிய கூட்டம் வரவில்லை என்றால் கதை முடிந்தது. எனக்குக் கருத்துச் சுதந்திர வகுப்பு எடுக்காதீர்கள்.

லைன்மேன்:
தம்பி கோபம் நியாயம். ஆனால் அடைப்பு எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நீங்கள் தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு எந்த எண் என்று உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வரிடம் கேள்வி போகும். ஆணையம் கடிதம் கொடுத்ததும் அந்த சர்வர் சரியான எண்ணைத் தராமல் வேறு பக்கத்தைக் காட்டும். அவ்வளவுதான். தளம் அது பாட்டுக்கு வெளிநாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பதினைந்து வயதுப் பையன் செட்டிங்கில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வருக்கு மாற்றிவிட்டால் திரும்பத் திறந்துவிடும்.

அதற்காகத்தான் 2024 செப்டம்பரில், அப்படி வெளியே போகும் கேள்விகளையும் உள்ளூர் சர்வருக்கே திருப்ப வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டார்கள். செப்டம்பர் 30 கெடு. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் நிறுத்தச் சொல்லிவிட்டார். நிற்காமல் போயிருந்தால் படத்தளம் மட்டுமா அடைபட்டிருக்கும்? நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற கேள்வி முழுக்க ஒரே வாசல் வழியாகப் போயிருக்கும்.

குறும்படக்காரன்:
அப்போ அடைப்பே வேண்டாமா? வழி சொல்லுங்கள்.

லைன்மேன்:
ஆளைப் பிடிக்கலாம். 2011 ஜூனில் நம் ஆணையம் 10 தளங்களை அடைக்கச் சொன்னது ஞாபகம் இருக்கா? பைரேட் பே, மெகாஅப்லோடு மாதிரி கோப்புப் பகிர்வுத் தளங்கள் எல்லாம் அதில் இருந்தன. கோபத்தில் அனானிமஸ் என்ற ஹேக்கர் கும்பல் அரசாங்க இணையதளங்களைத் தாக்கியது, அது தனிக் கூத்து. அடைத்த பிறகும் மெகாஅப்லோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2012 ஜனவரியில் அமெரிக்கா வழக்குப் போட்டு, நியூசிலாந்தில் அதன் முதலாளியைக் கைது செய்த பிறகுதான் மூடியது.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 2022 மார்ச் 18 முதல் பதிப்புரிமைச் சட்டத்தில் புதுப் பிரிவு ஒன்று அமலில் இருக்கிறது. கள்ளத்தனமாகப் படம் காட்டும் ஸ்ட்ரீமிங் கருவியைத் தயாரித்தாலோ, இறக்குமதி செய்தாலோ, விற்றாலோ 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பாசார் மாலாமில் குட்டி டிவியை ஜெனரேட்டரில் போட்டு, பெட்டி மேல் மார்க்கர் பேனாவால் போன் நம்பர் எழுதிக் கொடுக்கிறானே, அவன் மேல் பாயத்தான் இந்தப் பிரிவு. பக்கத்துக் கடையில் அப்பம் வாங்கிவிட்டு அதிகாரிகள் நடந்து போகிறார்கள்.

செம்பருத்தி:
அண்ணன்மார்களே, ஒரு வீட்டுக்காரியும் பேசலாமா? எங்கள் வீட்டில் மாமியாருக்கு சீரியல், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், வீட்டுக்காரருக்குப் பந்து. சட்டப்படி பார்ப்பதென்றால் ஒன்றுக்கு ஒரு சந்தா. தீபாவளிப் படம் ஒரு செயலியில், பொங்கல் படம் இன்னொன்றில். எல்லோரையும் ஈப்போவுக்குக் கூட்டிப் போய்ப் படம் காட்டினால் டிக்கெட், பாப்கார்ன், பெட்ரோல் என்று செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் சம்பளத்தில் எவ்வளவு போகும்? திருட்டு சரி என்று சொல்லவில்லை. ஆனால் ஏன் வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்கவே இல்லையே.

குறும்படக்காரன்:
அக்கா, மீன் விலை ஏறினால் மீன்காரனிடம் பேரம் பேசுவோம், இல்லையென்றால் கருவாடு வாங்குவோம். கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோம்.

செம்பருத்தி:
மீன்காரன் கூடைக்குக் கூடை நுழைவுக் கட்டணம் கேட்டால் ஓடத்தான் தோணும் தம்பி, ஹாஹா.

பழைய கிராணி:
எனக்கு வயதாகிவிட்டது, 8.8.8.8 எல்லாம் புரியாது. ஒன்று தெரியும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் கேட் போட்டு ஜாகாவை, அதான் காவல்காரரை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் ஒட்டுப்பால் திருட்டு. திருட்டு நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே கேட்டில்தான் தொழிற்சங்கக்காரரையும் மறித்தார்கள். சைக்கிளில் வந்தவரை, "துரை உத்தரவு இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். திருடனுக்கு ஒரு கேட், சங்கத்துக்கு ஒரு கேட் என்று யாரும் தனியாகக் கட்டவில்லை.

2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் தளத்தை அடைத்தார்கள். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் எங்கே போனது என்று அது எழுதிக்கொண்டிருந்த நேரம். 2016 பிப்ரவரியில் தி மலேசியன் இன்சைடர் தளத்தை அடைத்தார்கள், அது அடுத்த மாதமே கடையைக் கட்டியது. சரவாக் ரிப்போர்ட் திரும்பத் திறந்தது 2018 மே மாதம், ஆட்சி மாறிய பிறகு. அது எழுதிய விவகாரம் பிறகு நீதிமன்றத்தில் என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும்.

குறும்படக்காரன்:
கிராணி ஐயா, நீங்கள் சொன்ன இரண்டுமே செய்தித் தளம். அதை அடைத்தது அராஜகம், நானும் கையெழுத்துப் போடுவேன். அதற்கும் என் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

மண்டோர் பேரன்:
வழி ஒன்றுதானே தம்பி, அதுதான் சம்பந்தம். 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 263ஆம் பிரிவு, குற்றத்தைத் தடுக்க இணைய நிறுவனங்கள் உதவ வேண்டும் என்கிறது. 2011இல் படத்தளங்களை அடைக்க அந்தப் பிரிவைத்தான் காட்டினார்கள். இதில் வேடிக்கை, அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில், இதில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. எழுத்தில் தணிக்கை இல்லை. கடிதம் போனால் தளமும் இல்லை. நடுவில் நீதிபதி என்று ஒருவர் கிடையாது.

அடைக்காதே என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நீதிமன்ற உத்தரவோடு அடை, அடைத்த தளத்தின் பெயரையும் காரணத்தையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடு என்கிறேன். அவ்வளவுதான்.

குறும்படக்காரன்:
நீதிமன்றமா? வழக்கு எண் வருவதற்குள் ஒரு தளம் ஒன்பது பெயரில் திறந்துவிடும். நீதிமன்றம் என்றால் எல்லாம் ஒழுங்கு என்றும் நினைக்காதீர்கள். 2012இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவு ஒன்றைக் காட்டி, இந்தியாவில் விமியோவையே அடைத்துவிட்டார்கள். படம் எடுப்பவன் தன் வேலையைப் போட்டு வைக்கும் இடம் அது. யார் என்றே தெரியாத எதிராளி மேல் வாங்கிய உத்தரவு, இணைய நிறுவனங்கள் பயந்து முழுத் தளத்தையும் மூடின.

மண்டோர் பேரன்:
அது எப்படித் திருந்தியது என்பதையும் சொல்லுங்கள். அதே நீதிமன்றம் அடுத்த மாதமே, முழுத் தளத்தையும் அல்ல, குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் அடைக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. திருந்த ஓர் இடம் இருந்தது. நம் கதையில் சரவாக் ரிப்போர்ட் திறக்கத் தேர்தல் வர வேண்டியிருந்தது.

வேகத்துக்கும் வழி உண்டு. கடலைத் தாண்டிப் போக வேண்டாம், சிங்கப்பூரைப் பாருங்கள். 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கே உயர்நீதிமன்றம்தான் கள்ளத் தளங்களை அடைக்க உத்தரவு தருகிறது. 2018இல் 53 தளங்களுக்கு ஒரே வழக்கில் உத்தரவு வாங்கினார்கள். தளம் பெயரை மாற்றி வந்தாலும் புது வழக்கு வேண்டாம், அதே உத்தரவு அதையும் பிடிக்கும்.

குறும்படக்காரன்:
அந்த வழக்கைப் போட்டது யார் அண்ணே? ஹாலிவுட் ஸ்டூடியோக்கள். என்னிடம் வக்கீலுக்குக் கொடுக்க அல்ல, கேமரா வாடகை பாக்கியைக் கட்டவே காசு இல்லை. இன்றைக்கு உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு ஒரு புகார் எழுதினால் இலவசம். அந்த வழியை மூடிவிட்டு நீதிமன்றத்துக்குப் போ என்றால், பெரிய கம்பெனி படத்துக்கு மட்டும்தான் காவல் இருக்கும்.

லைன்மேன்:
இது சரியான அடி. புகார் இலவசமாகவே இருக்கட்டும், நீதிமன்றத்துக்கு அமைச்சே போகட்டும். செலவு அரசாங்கத்தோடது.

குறும்படக்காரன்:
அப்படியென்றால் எனக்குச் சம்மதம். பட்டியலையும் வெளியிடட்டும், என் படத்தைத் திருடியவன் பெயர் அதில் இருக்கா என்று நானும் பார்க்க வேண்டும். ஆனால் அதெல்லாம் வருகிற வரைக்கும் இப்போது இருக்கிற அடைப்பை எடுக்கச் சொன்னால் விட மாட்டேன்.

பழைய கிராணி:
"வருகிற வரைக்கும்" என்று போட்ட கேட்தான் எங்கள் தோட்டத்திலும் இருந்தது, தம்பி.

குறும்படக்காரன்:
ஐயா, உங்களுக்குப் பதில் வைத்திருக்கிறேன். ஷூட்டிங் இருக்கு, ராத்திரி வந்து எழுதுகிறேன்.