காலைப் பால் மட்டும் மெத்திலீன் புளூ சோதனையில் தோற்கிறது

பெருந்துறைப் பக்கம் பண்ணை. 9 கலப்பினப் பசு, ஒற்றைப் பக்கெட் கறவை மெஷின். மெத்திலீன் புளூ என்பது பாலில் கலந்து பார்க்கும் நீலச் சாயம்; கிருமி அதிகமிருந்தால் சீக்கிரம் வெளுக்கும். மூன்று வாரமாகக் காலைப் பாலில் நீலம் 2 மணி நேரத்தில் வெளுத்துவிடுகிறது, மாலைப் பாலில் 5 மணி நேரம் தாண்டி நிற்கிறது. 10 மில்லி பால், 1 மில்லி சாயம், 37 டிகிரி; இரண்டு வேளையும் இதே முறைதான்.

மடியில் கோளாறு இல்லை. சிஎம்டி (மடிநோயைக் காட்டும் பால் சோதனை) பார்த்தாச்சு, எல்லா மாடும் நெகட்டிவ். அதே காலையில் கையால் கறந்த பாலும் 5 மணி நேரம் தாங்குகிறது. ஆக, ராத்திரி மெஷினுக்குள் ஏதோ வளர்கிறது.

கழுவுவதில் குறை வைக்கவில்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் (எடுத்ததுமே சூடாக விட்டால் புரதம் ஒட்டிக்கொள்ளும்), அடுத்து 70 டிகிரியில் காரக் கழுவல், கடைசியில் போர் தண்ணீர். தண்ணீர் உப்பு, டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1400. கிளாவை (நான்கு காம்பிலிருந்தும் பால் வந்து சேரும் பகுதி) கழற்றினால் கேஸ்கட் அடியில் வெள்ளையாகச் சொரசொரவென்று படிவம். வினிகர் விட்டதும் நுரைத்தது. அதற்காக வாரம் இருமுறை பாஸ்பாரிக் அமிலக் கழுவலும் ஆரம்பித்து, படிவம் போய்விட்டது. லைனர் (காம்பில் மாட்டும் ரப்பர் உறை) நான்கும் புதுசு. நீளமான பால் குழாய் மட்டும் பழசு, இரண்டு வருடம் ஆகிறது. ராத்திரி தலைகீழாகத் தொங்கவிட்டும் காலையில் குழாயின் வளைவில் ஒரு ஸ்பூன் தண்ணீர் நிற்கிறது.

கிருமி வருவது பழைய குழாயிலிருந்தா, கடைசியாக அலசும் போர் தண்ணீரிலிருந்தா என்று பண்ணையிலேயே பிரித்துப் பார்க்க என்ன சோதனை செய்யலாம்?