அப்பா சிரித்த இடம்

இந்த இணையக் குழுவில் ஒருவர், மேடையில் ஒரே ஆள் மைக் பிடித்துப் பேசிச் சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட் அப் காமெடியைப் பற்றி, "ஸ்டாண்ட் அப் காமெடியை ரசிக்க ஒரு பக்குவம் வேண்டும், பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வராது" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். நான் வேலை பார்ப்பது பெங்களூரில். எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கல் காலை என்றால் சாலமன் பாப்பையா பட்டிமன்றம் ஓடியே ஆக வேண்டும், ராஜா பேச எழுந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்வார். அப்பாவுக்குக் கவுண்டமணி, செந்தில் என்றால் உயிர். கரகாட்டக்காரன் வந்தது 1989இல், இன்றைக்கும் அந்த வாழைப்பழத்துக்கு முதல் தடவை பார்ப்பதுபோலச் சிரிப்பார். ஒருத்தரை எட்டி உதைத்தால் சிரிக்க வேண்டுமா என்று நான் அவரிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

போன வருடம் கண் பரிசோதனைக்காக அப்பா பெங்களூர் வந்தபோது ஒரு ஸ்டாண்ட் அப் ஷோவுக்குக் கூட்டிப்போனேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். பேசியவர் திறமைசாலிதான், நானே நன்றாகச் சிரித்தேன். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவில் அந்த ஆள் எங்கள் பக்கத்துப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார், அரங்கமே அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ஓசூரில் டீ குடித்துக்கொண்டே அப்பா சொன்னார்: "பையன் நல்லாத்தான் பேசறான். ஆனா யாரச் சொல்றானோ அந்த ஆளு அங்க இருக்க மாட்டான்னு நெனச்சுக்கிட்டுப் பேசறான்."

அப்புறம் கோடையில் ஊரில் பாரதக் கூத்து. ராஜா வேஷம் வந்து, மாதம் மும்மாரி பொழிகிறதா என்று கேட்டது. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் நேராக முன்வரிசைக்கு வந்து அப்பா முன்னால் நின்றுகொண்டு, "மழை எங்க ராஜா? இந்தப் பெரியவர் துண்டுல வழியற வேர்வைதான் மூணு மாசமா இங்க பெய்யுது" என்றான். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அதே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்கிறோமே என்று நினைத்து மறுபடியும் சிரித்தார். ஆர்மோனியக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். பார்க்க வந்தவர்களிடமே பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைப்பதை 'கிரவுட் வொர்க்' என்கிறார்கள், பெங்களூரில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது இதைத்தானே! அங்கே சிரிக்காத மனிதர் இங்கே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார் என்றால் அவருக்குப் பக்குவம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு, 2019இல் வந்த, ஸ்டாண்ட் அப் கலைஞர் அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் ஒண்டர்லேண்ட்' நிகழ்ச்சியை செல்போனில் போட்டுக் காட்டினேன். பழைய பாட்டு வந்ததும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தவர் கடைசிவரை பார்த்தார். நானும் வாழைப்பழக் காட்சியை மறுபடி பார்த்தேன். ஒரே கேள்வி, ஒரே பதில், ஒவ்வொரு தடவையும் கவுண்டமணியின் குரல் ஒரு படி ஏறுகிறது. இத்தனை வருடம் இதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். உதைப்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

—

உங்கள் பதிவைப் படித்தேன். நான் கிருஷ்ணகிரி. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பாட்டிக்குப் பிரம்மானந்தம் முகம் திரையில் வந்தால் போதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். தமிழ் நகைச்சுவை வேகமாகப் போனால் பிடிபடாது, ஸ்டாண்ட் அப் சுத்தமாக ஏறாது. ஆனால் வடிவேலு அடி வாங்கிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து வருவாரே, அந்த நடைக்கு மட்டும் மொழியே தேவைப்படவில்லை. ஒருநாள் பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தோம். பாட்டி முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்ததில் கட்டிலே ஆடியது, குழந்தை எழுந்துவிட்டது. உங்கள் ஊர் பாரதக் கூத்து அடுத்து எப்போது நடக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள், பாட்டியைக் கூட்டி வருகிறேன்.

—

கண்டிப்பாக வாருங்கள். நாள் குறித்ததும் இங்கேயே போடுகிறேன். விடிய விடிய நடக்கும், பாட்டிக்கு ஒரு பாயும் போர்வையும் எடுத்து வாருங்கள். முன்வரிசையில் எங்கள் அப்பா பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறோம்.