விண்மீன் வரைபடத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருப்பது ஏன்?

கேள்வி: பிப்ரவரி அமாவாசையை ஒட்டி, குழந்தைகளுடன் ஜவ்வாது மலையில் ஒரு மாலைப்பொழுது வான்நோக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அச்சிட்டு வைத்துள்ள வட்ட வரைபடத்தில் வடக்கு மேலே இருக்க, கிழக்கு இடப்பக்கம் குறிக்கப்பட்டுள்ளது. மேலும் அது ஜனவரி 15, இரவு 10 மணிக்குரியது. இதைப் பயன்படுத்த இயலுமா?

மறுமொழி 1: அது பிழையன்று. நிலப்படத்தைக் குனிந்து பார்க்கிறோம். வான்படத்தையோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து அண்ணாந்து பார்க்க வேண்டும், அப்போது திசைகள் தாமாகப் பொருந்திவிடும். விண்மீன்கள் நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிப்பதால், ஒரு மாதத்தில் 2 மணி நேரம் முந்துகின்றன. ஆகவே உங்கள் படம் பிப்ரவரி 15 அன்று இரவு 8 மணிக்குச் சரியாக இருக்கும். கோள்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.

மறுமொழி 2: படம் எந்த அட்சரேகைக்கு வரையப்பட்டது என்பதையும் பாருங்கள். 40 பாகை வடக்குக்கான படத்தில் அகத்திய விண்மீன் இராது; ஜவ்வாது மலையிலோ அது தென்வானில் சுமார் 25 பாகை, அதாவது நீட்டிய கையின் இரண்டரை முட்டி உயரம் வரை ஏறும். முதலில் ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் குழுவின் இடைவாரில் ஒரே கோட்டில் அமைந்த மூன்று மீன்களைக் கண்டுகொண்டால், அக்கோட்டை ஒருபுறம் நீட்டி ரோகிணியையும் மறுபுறம் நீட்டி சிரியசையும் அடையலாம்.

மறுமொழி 3: டார்ச்சின் மீது சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றுங்கள். கைபேசியை ஒருமுறை திறந்தாலும், இருளுக்குப் பழகிய கண் மீள அரைமணி நேரம் ஆகலாம்.