பின்கட்டில் கிடக்கும் இரும்பு நாற்காலிகளுக்கும் தேக்குப் பெஞ்சுக்கும் மறுபடியும் வண்ணம் பூசலாமா?

கேள்வி (கானாடுகாத்தான்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயா காலத்து வீட்டின் பின்கட்டில் நான்கு இரும்பு நாற்காலிகளும் பர்மாத் தேக்கில் செய்த நீளமான பெஞ்சு ஒன்றும் பல ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாற்காலிகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு நானே பச்சை எனாமல் பூசினேன். ஆனால் ஐப்பசி மழை முடிவதற்குள் கால்களில் கொப்புளங்கள் எழும்பி, விரல் பட்டாலே வண்ணம் ஏடு ஏடாக உரிந்து வந்துவிட்டது. பெஞ்சு முழுவதும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லோரும் குழந்தைகளோடு வருவார்கள் என்பதால் அதற்குள் இவற்றைச் சரிசெய்ய விரும்புகிறேன். நான் எங்கே தவறினேன்? பெஞ்சுக்கும் அதே பச்சையைப் பூசலாமா?

மறுமொழி 1 (காரைக்குடி, இரும்புப் பட்டறை)

தவறு வண்ணத்தில் இல்லை, அதற்கு அடியில் இருந்த துருவில்தான் இருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே எவ்வளவு நல்ல எனாமல் பூசினாலும் துரு அதை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக்கிவிடும். ஆகவே கம்பி பிரஷாலும் எமரித் தாளாலும் தளர்ந்த துரு முழுவதையும் எடுத்து, இரும்பின் பளபளப்புத் தெரியும்வரை தேய்த்து, டர்பன்டைன் நனைத்த துணியால் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமரைப் பூசிவிட வேண்டும். ஓர் இரவு அப்படியே விட்டால், காற்றிலுள்ள ஈரமே புதிய துருவைக் கொண்டுவந்துவிடும்.

பல பட்டறைகளில் ரெட் ஆக்சைடு மட்டும் பூசிக் கொடுத்துவிடுகிறார்கள், வாங்கியவரும் வேலை முடிந்ததாக நினைத்து வெளியில் போட்டுவிடுகிறார். அது அடிப்பூச்சுதான், மேற்பூச்சு இல்லாமல் மழையில் நனைந்தால் ஈரத்தை உள்ளே விட்டுவிடும். பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு எனாமலை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓர் இரவு விடுவது நல்லது. தடிமனாக ஒரே முறை பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருந்து சுருங்கிப்போகும். நம் ஊர் வெயிலில் சுட்டுக் கிடக்கும் இரும்பின் மேல் பூசினாலும் இதே கதிதான் என்பதால், நிழலில், காலை வேளையில் செய்யுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, கால்களின் அடிப்பாகத்துக்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள், ஏனெனில் துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறுகிறது. ஐப்பசியில் அடைமழை பிடிப்பதற்கு முன், புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

மறுமொழி 2 (தேவகோட்டை, தச்சு வேலை)

தயவுசெய்து அந்தப் பெஞ்சுக்கு எனாமல் பூசாதீர்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் வண்ணம் அதில் உறுதியாகப் பிடிக்காது. விரிசல் வழியாக நீர் இறங்கினால், பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கி, மரம் வெளியே தெரியாமல் கெடும். நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறம் வெயிலால் மேல்தோலில் மட்டும் ஏற்பட்டது, அதற்கு அடியில் பழைய பொன்னிறம் அப்படியே இருக்கிறது. சோப்பு நீரும் மென்மையான நார் பிரஷும் கொண்டு இழை ஓடும் திசையிலேயே கழுவி, சில நாட்கள் நிழலில் உலர்த்தி, 80, 120, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) உப்புத்தாள் தேய்த்துப் பாருங்கள். அதன் பிறகு வண்ணம் பூச உங்களுக்கே மனம் வராது. நாற்காலிக்குப் பயன்படுத்திய கம்பி பிரஷை மட்டும் தேக்கின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் மரத்தில் கறுப்புக் கறையாக நின்றுவிடும்.

தேய்த்த பிறகு, கடையில் காய்ச்சியதாகவே விற்கும் லின்சீட் (ஆளி விதை) எண்ணெயில் டர்பன்டைன் கலந்து துணியால் மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால், எண்ணெயோ எனாமலோ சொட்டாதபடி முன்னதாகவே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் உறிஞ்சிக்கொண்ட கறையை எடுப்பது மிகவும் கடினம்.

மறுமொழி 3 (பள்ளத்தூர்)

குழந்தைகள் வருவார்கள் என்று எழுதியிருப்பதால் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நாற்காலிகளில் ஐயா காலத்துப் பூச்சுகள் அடுக்கடுக்காக இருக்கும் என்பதால், அவற்றில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகத் தேய்த்து, விழும் கழிவை பிளாஸ்டிக் விரிப்பில் சேர்த்துக் கட்டிவிடுங்கள். நெருப்பு காட்டிப் பழைய வண்ணத்தை உரிக்க வேண்டாம். முற்றத்திலோ கிணற்றடியிலோ இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெஞ்சுக்கு எண்ணெய் மட்டுமே என்று முடிவு செய்துவிட்டேன். நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்ததில், ஒன்றின் குழாய்க் கால் அடியில் அரித்து ஓட்டையாகி, உள்ளே நீர் தேங்கியிருக்கிறது. அதைப் பட்டி (ஓட்டையை அடைக்கும் பசை) வைத்து அடைக்கலாமா?

மறுமொழி 1 (காரைக்குடி, இரும்புப் பட்டறை)

பட்டி வேண்டாம், மழை நீரை உள்ளேயே சிறைவைத்துவிடும். அரித்த பகுதியை அறுத்து எடுத்துவிட்டு, அதே அளவுக் குழாய்த் துண்டை வெல்டிங் வைத்து, நீர் வடிய அடியில் சிறு துளை விடச் சொல்லுங்கள். பள்ளத்தூர்க்காரர் மேலே சொன்னபடி பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், வெல்டிங் வைக்கும் இடத்தைச் சுற்றி நான்கு விரற்கடை அகலத்துக்கு அதை ஈரமாகத் தேய்த்து நீக்கி, நன்றாக உலர்த்திவிட்டு, பிறகே பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.