வேக எலக்ட்ரான்கள்: தடிமனான இலக்கில் சிக்னல் குறைவு, மெல்லிய தகட்டில் அதிகம். ஏன்?

அலைநீளம்1053:
100 ஜூல், 1 பிக்கோ வினாடி லேசர். செறிவு சதுர செ.மீ.க்கு 10¹⁹ வாட். லேசர் அலுமினியத்தில் விழுந்து வேக எலக்ட்ரான்களை உள்ளே தள்ளுகிறது. அலுமினியத்துக்குப் பின்னால் மெல்லிய தாமிரப் படலம் வைத்து, எலக்ட்ரான்கள் மோதும்போது தாமிர அணுக்கள் வெளியிடும் கே-ஆல்ஃபா எக்ஸ் கதிரை அளக்கிறோம். மான்டி கார்லோ கணக்குப்படி (எலக்ட்ரான்களின் மோதல்களைத் தற்செயல் எண்களால் பின்தொடரும் கணினிக் கணக்கு) 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் அலுமினியத்தில் சுமார் 2 மி.மீ. ஓடவேண்டும். ஆனால் சில நூறு மைக்ரானிலேயே சிக்னல் படுத்துவிடுகிறது. வெறும் 20 மைக்ரான் தாமிரத் தகட்டைச் சுட்டால் நேர்மாறு, கணக்கைவிடப் பல மடங்கு வருகிறது. எங்கே தேடுவது?

படிகம்:
எந்தப் பக்கமிருந்து பார்க்கிறீர்கள்? லேசர் விழும் பக்கம் என்றால், 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் 75 மைக்ரான் அலுமினியத்தைத் தாண்டுவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். எக்ஸ் கதிரைப் பிரித்தெடுக்க வளைபடிகம் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை: தாமிரம் சூடேறும்போது கே-ஆல்ஃபா நிறமாலைக் கோடு நகர்ந்து, படிகத்தின் குறுகிய பட்டைக்கு வெளியே போய்விடும்.

அலைநீளம்1053:
பின்பக்கமிருந்துதான். படிகம் இல்லை, ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் சிசிடி கேமரா.

திரும்போட்டம்:
சரி, அப்படியானால் கருவியை விடுங்கள். மான்டி கார்லோ ஒவ்வொரு எலக்ட்ரானையும் தனி ஆளாகத்தான் பார்க்கும். உங்களிடம் இருப்பது பெருங்கூட்டம்.

ஆற்றலில் 30 ஜூல் எலக்ட்ரான்களுக்குப் போனதாக வையுங்கள். சராசரி 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் மின்னூட்டம் 30 மைக்ரோ கூலூம். 1 பிக்கோ வினாடியில் அது 3 கோடி ஆம்பியர்! ஒரு கற்றை தன் காந்தப்புலத்தாலேயே தடைபடாமல் கடத்தக்கூடிய மின்னோட்டத்துக்கு ஆல்ஃபென் வரம்பு என்று பெயர், இந்த ஆற்றலில் அது 50 ஆயிரம் ஆம்பியரைக்கூட எட்டாது. ஆகவே உலோகத்தின் சொந்த எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடி அதை ஈடுகட்டியாக வேண்டும். அந்தத் திரும்பு மின்னோட்டம் மெதுவானது, மோதல்கள் நிறைந்தது. அதைத் தள்ள மின்புலம் வேண்டும், அதே புலம் வேக எலக்ட்ரான்களைப் பின்னுக்கு இழுக்கும்.

புலம் என்பது மின்தடை எண்ணும் மின்னோட்ட அடர்த்தியும் பெருக்கியது. சூடேறும் அலுமினியத்துக்கு 10⁻⁶ ஓம் மீட்டர் என்று போட்டால், லேசர் விழும் இடத்தில் மைக்ரானுக்குச் சுமார் 30 கிலோ வோல்ட். மோதல் இழப்போ மைக்ரானுக்கு அரை கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். இந்த 30 நிலைக்காது என்பதும் உண்மை. கற்றை விரிய அடர்த்தி குறையும், உலோகம் நன்றாகச் சூடேறினால் தடையும் விழும். அப்புறமும் மிஞ்சுவது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. காந்தப்புலம் வேறு வளரும். அது கற்றையைக் குவிக்கலாம், இழை இழையாகவும் பிரிக்கலாம்.

மெல்லிய தகட்டில் கதை வேறு. முதலில் வெளியேறும் எலக்ட்ரான்கள் விட்டுச்செல்லும் நேர்மின்னூட்டம் மீதியைத் திருப்பி இழுக்கும். அவை முன்னும் பின்னும் பலமுறை தகட்டைக் கடக்கும், ஒவ்வொரு கடத்தலிலும் கே-ஆல்ஃபா பிறக்கும்.

அலைநீளம்1053:
இதை எப்படிச் சோதிப்பது?

திரும்போட்டம்:
தாமிரத்துக்குப் பின்னால் தடிமனான கார்பன் அடுக்கு வையுங்கள். போன எலக்ட்ரான் திரும்பாது. பிளாஸ்டிக் வேண்டாம். அது மின்கடத்தாப் பொருள், முதலில் அயனியாக வேண்டும், இழைகள் இன்னும் மோசமாகும். கார்பன் வைத்தபின் மெல்லிய தகட்டில் சிக்னல் இறங்கினால், எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஓடியதுதான் காரணம்.

தடிமனான இலக்குக்குக் கலப்பு நிரல் தேவை: வேக எலக்ட்ரான்கள் துகள்களாக, பின்னணி பாய்மமாக. சூடான பிளாஸ்மாவின் மின்தடைக்கான ஸ்பிட்சர் சூத்திரத்தை அறை வெப்பநிலையிலிருந்தே போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த உலோகத்துக்கு அது தாறுமாறான மின்தடையைத் தரும். குளிர்ந்த உலோகத்திலிருந்து சூடான பிளாஸ்மா வரை மின்தடையைக் கணக்கிடும் லீ-மோர் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள்.