அக்குவினா தோமா அறநெறியை யாரிடம் படித்தார்?

சிலுவைமேடு:
நேற்று நோன்பு பற்றிய இழையில் குர்துபா என்ற நண்பர் போகிற போக்கில் ஒரு வரியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்: “கத்தோலிக்கரின் அறநெறிப் பாடம் மொத்தமும் முஸ்லிம்களிடம் இரவல் வாங்கியது. இப்னு ருஷ்து இல்லையென்றால் அக்குவினா தோமாவே இல்லை.” அதற்குக் கீழே வரிசையாக லைக் வேறு. அங்கே பதில் எழுதினால் கஞ்சிச் சண்டையில் காணாமல் போய்விடும் என்பதால் தனி இழை.

தெரியாதவர்களுக்கு: தோமா 13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர். இப்னு ருஷ்து அவருக்கு முந்தைய நூற்றாண்டில் கொர்தோவாவில் வாழ்ந்து, அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய முஸ்லிம் தத்துவ அறிஞர். விஷயம் இவ்வளவுதான். தோமா நற்பண்புகளைப் பற்றி எழுதியதற்கு அடித்தளம் அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியல். அதை முழுதாகக் கிரேக்கத்திலிருந்து நேராக லத்தீனுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் லிங்கன் ஆயர் ராபர்ட் குரோஸ்டெஸ்ட், 1246-47 வாக்கில். நடுவில் அரபியே கிடையாது. கொலோன் நகரில் பெரிய ஆல்பர்ட் அந்த மொழிபெயர்ப்பை வைத்துத்தான் பாடம் எடுத்தார். அந்தப் பாடத்தைக் குறிப்பெடுத்துத் தொகுத்த மாணவர் யார்? தோமா.

இரவல் எங்கே நடந்தது? தேதியோடு சொல்லுங்கள்.

குர்துபா:
தேதிதானே? 1240, தொலேதோ. இப்னு ருஷ்து அதே அறவியல் நூலுக்கு எழுதிய உரையை ஹெர்மன் என்ற ஜெர்மானியர் அரபியிலிருந்து லத்தீனுக்குப் பெயர்த்த ஆண்டு. 1240 முந்தியா, 1246 முந்தியா?

அப்புறம், தோமாவின் இறையியல் பெருநூலான ‘சும்மா தியோலஜியே’வைச் சும்மா புரட்டினாலே போதும். இரண்டாம் பாகத்தின் முதல் பகுதி, 49ஆம் கேள்வி, 3ஆம் பிரிவு. மனத்தில் பழகிப் படிந்த நிலை என்றால் என்ன என்பதற்குத் திருச்சபைத் தந்தை அகுஸ்தீனாரிடமிருந்து ஒரு வரி எடுக்கிறார். அடுத்த வரியிலேயே, நாம் விரும்பும்போது செயல்படுவது அதைக் கொண்டுதான் என்று ‘உரையாசிரியர்’ சொன்னதை எடுக்கிறார். யார் இந்த உரையாசிரியர்? பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அன்று பாரிஸில் எல்லாருக்கும் தெரிந்த கொர்தோவா காஜி இப்னு ருஷ்து. அகுஸ்தீனாருக்குப் பக்கத்து நாற்காலி எங்களுக்கு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சிலுவைமேடு:
நான் மூலநூலைக் கேட்டேன், நீங்கள் உரையைக் காட்டுகிறீர்கள். அந்த மேற்கோளும் அறவியல் உரையில் உள்ளதில்லை. ‘ஆன்மாவைப் பற்றி’ என்ற வேறு நூலுக்கு அவர் எழுதிய உரையில் உள்ளது. அது தெரிந்துதான் அந்த இடத்தைத் தாண்டிப் போனீர்களா?

1240 என்று குதிக்க வேண்டாம். அறவியலின் 2, 3ஆம் புத்தகங்கள் 12ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்துவிட்டன. முழுதாக வந்தது குரோஸ்டெஸ்ட் கையால். கிரேக்கத்திலிருந்து. திரும்பவும் சொல்கிறேன், கிரேக்கத்திலிருந்து.

கொர்தோவா எப்போது ‘எங்களுக்கு’ ஆனது? உங்கள் புரொஃபைலில் கீழக்கரை என்றல்லவா இருக்கிறது?

கனலி:
இரண்டு பேரும் அடுத்தவன் வீட்டுச் சொத்துக்குப் பாகப்பிரிவினை நடத்துகிறீர்கள். விவேகம், துணிவு, தன்னடக்கம், நீதி என்ற நாலையும் பிளேட்டோ தன் ‘குடியரசு’ நாலாம் புத்தகத்தில் வரிசையாக வைத்துவிட்டார். அப்போது இயேசுவும் இல்லை, நபிகளும் இல்லை. சாமி இல்லாமலே நல்லவனாக வாழலாம் என்று கிரேக்கன் காட்டிய வழிக்கு இருவரும் மேலே ஒரு கோபுரத்தைக் கட்டிவிட்டு, யார் முதலில் கட்டியது என்று சண்டை.

சிலுவைமேடு:
கனலி, பிளேட்டோவுக்குச் சாமி இல்லை என்று யார் சொன்னது? சரி, நீங்கள் எந்த இழையிலும் இதைத்தான் எழுதுவீர்கள். பொங்கல் இழையிலும் இதே வரி.

அந்த நாலுக்கும் தலையான நற்பண்புகள் என்று பெயர் வைத்தவர் மிலான் ஆயர் அம்புரோஸ், 4ஆம் நூற்றாண்டு. நபிகள் பிறக்க இன்னும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் இருந்தன. விவிலியத்திலேயே சாலமோனின் ஞானம் 8:7இல் நாலும் இருக்கிறது. பிறகு யாரிடம் போய் இரவல் வாங்க வேண்டும்?

வேதம்மட்டும்:
சகோதரரே, அது வேதாகமத்தில் இல்லை. தள்ளுபடி ஆகமம். கொலோசெயர் 2:8இல் லௌகிக ஞானத்தைக் குறித்து பவுல் எச்சரித்தது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். அரிஸ்டாட்டில் இல்லாமலே அப்போஸ்தலர்கள் பரிசுத்தமாக ஜீவிக்கவில்லையா?

சிலுவைமேடு:
தள்ளியது யார்? 1534இல் வந்த லூத்தரின் பைபிளிலேயே அந்த நூல்கள் தனியாக ஒதுக்கப்பட்டு இருந்தன. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இருந்தன. பிறகு தூக்கிவிட்டு எங்களைப் பார்த்துத் தள்ளுபடி என்கிறீர்கள். இதைப் போன தவக்காலத்திலேயே உங்களிடம் கேட்டேன், பதிலே இல்லாமல் ஓடிப்போனீர்கள்.

வேதம்மட்டும்:
ஓடிப்போகவில்லை. கன்வென்ஷன் இருந்தது.

கனலி:
அந்த ‘சாலமோனின் ஞானம்’ கிரேக்கத்தில் எழுதப்பட்ட நூல். சாலமோன் இறந்து பல நூறு ஆண்டுகள் கழித்து. ஆக உங்கள் விவிலியச் சாட்சியும் கிரேக்கச் சரக்குதான் :)

குர்துபா:
சிலுவைமேடு பேச்சை மாற்றுகிறார். 49ஆம் கேள்வி, 3ஆம் பிரிவு. இன்னும் பதில் இல்லை.

பாரசீக முஸ்லிம் தத்துவ அறிஞர் மிஸ்கவைஹி 1030இல் இறந்தார். பிளேட்டோவின் நாலு பண்புகளையும் அரிஸ்டாட்டிலின் நடுநிலையையும் சேர்த்து அவர் ‘தஹ்தீபுல் அக்லாக்’ (குணங்களைச் செம்மைப்படுத்தல்) எழுதியபோது தோமாவின் பாட்டனாரும் பிறந்திருக்க மாட்டார். இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலான இஹ்யாவில் அதே நாலையும் எல்லா நற்குணங்களுக்கும் வேர் என்கிறார். பாக்தாதில் அரிஸ்டாட்டிலுக்கு வரி வரியாக உரை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் பாரிஸில் அவர் நூல்களில் எத்தனை இருந்தன?

சிலுவைமேடு:
பாக்தாத்! நல்ல இடத்துக்கு வந்தீர்கள். அறவியலை அரபியில் பெயர்த்தவராகச் சொல்லப்படும் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் யார்? அவர் அப்பா ஹுனைன் யார்? கிறிஸ்தவர்கள். முஸ்லிம் தத்துவ அறிஞர் ஃபாராபியிடம் படித்து, மிஸ்கவைஹிக்கு முன்பே அதே ‘தஹ்தீபுல் அக்லாக்’ என்ற தலைப்பில் எழுதிய யஹ்யா இப்னு அதீ யார்? சிரியக் கிறிஸ்தவர். இரவல் என்றால் முதல் இரவல் யார் வாங்கியது?

குர்துபா:
கூலி கொடுத்தது யார், தாள் கொடுத்தது யார், நூலகம் யாருடையது? அந்த அரபி அறவியலின் கையெழுத்துப்படி கிடைத்த இடம் ஃபெஸ் நகரின் கரவிய்யீன் நூலகம், தேவாலயம் அல்ல.

சிலுவைமேடு:
தோமா ஃபெஸ் நகருக்குப் போனாரா? இல்லை. லிங்கனிலிருந்து வந்ததைப் படித்தார். இன்னொன்று கேட்கிறேன். இப்னு ருஷ்தை 1195இல் லூசேனாவுக்கு நாடு கடத்தி, தத்துவ நூல்களை எரித்தது யார்? நீங்கள் பெருமையடிக்கிற அந்த அறவியல் உரை இன்று முழுதாக அரபியில் கிடையாது, லத்தீனிலும் ஹீப்ருவிலும்தான் இருக்கிறது. காப்பாற்றி வைத்தவர்களைப் பார்த்துத் திருடர் என்கிறீர்கள்.

சுன்னத்_வழி:
குர்துபா பாய், நீங்கள் எதற்கு இவர்களிடம் மல்லுக்கட்டுகிறீர்கள்? நற்குணங்களை நிறைவு செய்யவே அனுப்பப்பட்டேன் என்றார்கள் நபி (ஸல்). நமக்கு அக்லாக் அங்கிருந்து வந்தது, ஏதென்ஸிலிருந்து அல்ல. தத்துவவாதிகளை இமாம் கஸ்ஸாலி ஒரு தனி நூலிலேயே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். நீங்கள் அவரையும் இப்னு ருஷ்தையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

குர்துபா:
அதற்கு இப்னு ருஷ்து மறுப்பு எழுதியதையும் சொல்லுங்கள். பாதிக் கதையோடு வராதீர்கள்.

பழையகுறிப்பேடு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தோமா அரிஸ்டாட்டிலை விட்டு விலகுகிற இடத்தை யாருமே தொடவில்லை. அதே பகுதியில் 63ஆம் கேள்வி, 4ஆம் பிரிவு. பழகிப் பழகி வரும் தன்னடக்கம் ஒன்று, கடவுள் மனத்தில் பொழியும் தன்னடக்கம் ஒன்று, இரண்டும் வெவ்வேறு வகை என்கிறார். சாப்பாட்டையே உதாரணம் காட்டுகிறார். பகுத்தறிவின் அளவுகோல், உடம்பு கெடக்கூடாது, புத்தி மழுங்கக்கூடாது என்பதோடு நின்றுவிடும். இறைவனின் அளவுகோல் அதற்கு மேலே போய் உடலை ஒறுக்கச் சொல்லும். நோன்பு இருப்பவர் செய்வது இந்த இரண்டாவது. இதற்கு அரிஸ்டாட்டிலில் இடமே இல்லை. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு மூன்றும் அப்படித்தான். முதலில் ‘நற்பண்பு’ என்று ஒவ்வொருவரும் எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொண்டால் நல்லது.

சிலுவைமேடு:
அருமையான பதிவு. ஆக, இப்னு ருஷ்துக்கு இதில் பங்கே இல்லை என்பதை நீங்களும் உறுதி செய்கிறீர்கள்.

பழையகுறிப்பேடு:
நான் அதைச் சொல்லவே இல்லையே.

குர்துபா:
63ஆம் கேள்விக்கு 49ஐத் தாண்டித்தான் போக வேண்டும். 49இல் யார் உட்கார்ந்திருக்கிறார்?

கனலி:
தோமாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்களே, 1277இல் பாரிஸ் ஆயர் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தபோது தோமா சொன்னவையும் அதில் மாட்டின என்பதைச் சொல்ல மாட்டீர்களா? செத்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

சிலுவைமேடு:
அது பாரிஸ் ஆயர், திருத்தந்தை அல்ல. 1323இல் தோமாவுக்குப் புனிதர் பட்டம், 1325இல் பாரிஸ் ஆயரே அந்தக் கண்டனம் தோமாவுக்குப் பொருந்தாது என்று விலக்கிக்கொண்டார். அரைகுறையாகப் படித்துவிட்டு வர வேண்டாம், தம்பி.

கனலி:
நான் தம்பி இல்லை. உங்களைவிட வயதில் மூத்தவள் என்று நினைக்கிறேன். நெறியாளர் கவனிக்கவும்.

குர்துபா:
வாதம் தீர்ந்தால் தம்பி என்பார். எனக்கும் நடந்தது. பாரிஸில் இப்னு ருஷ்தைப் பின்பற்றியவர்களுக்கு எதிராகத் தோமா 1270இல் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. செல்வாக்கு இல்லாதவருக்கு எதிராக யாராவது நூல் எழுதுவார்களா?

சிலுவைமேடு:
எதிராக எழுதினார் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எதிராக எழுதினால் அது இரவலா? மூலநூல் கிரேக்கத்திலிருந்து. குரோஸ்டெஸ்ட். இதை யாராலும் அசைக்க முடியாது.

குர்துபா:
இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அரிஸ்டாட்டிலையும் இப்னு ருஷ்தையும் ஒரே கோட்டைக்குள் உட்கார வைத்தார். உங்கள் கவிஞருக்கு இருந்த பெருந்தன்மை உங்களுக்கு இல்லை.

வேதம்மட்டும்:
அந்தக் கோட்டை நரகத்தின் முதல் வட்டத்தில் இருக்கிறது, சகோதரரே.

சிலுவைமேடு:
முதல் வட்டம்தான், ஆனால் அதன் பெயர் லிம்போ, நரகத்தின் விளிம்பு. அங்கே சித்திரவதை கிடையாது.

கனலி:
லிம்போவையே 2007இல் உங்கள் இறையியல் ஆணையம் கைவிட்டுவிட்டதாமே?

சிலுவைமேடு:
அது திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைப் பற்றிய ஆவணம், தத்துவவாதிகளைப் பற்றியது அல்ல. கைவிடவும் இல்லை, அப்படி ஒரு கருத்தும் இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் படிக்கிற பழக்கம் இங்கே ஒருவருக்காவது உண்டா? லிம்போவுக்குத் தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.