அலமாரிப் பெயரை நம்பிப் புத்தகம் வாங்கலாமா?

செந்தூல் வாசகி:

போன வாரம் இந்தக் குழுவில் ஒரு தம்பி திகில், மாயக்கதை, வாழ்வியல், போர் வரலாறு என நான்கு வகைக்கும் நல்ல புத்தகங்கள் கேட்டிருந்தார். பட்டியல்கள் குவிந்தன. பெரும்பாலானவை பேரங்காடிக் கடைகளில் வாசலை ஒட்டி அடுக்கியிருக்கும் அதே அட்டைகள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கூட்டத்தில் சொன்னால் எடுபடாது என்று தனியாக எழுதுகிறேன்.

வகை என்பது கடைக்காரர் அடுக்கி வைப்பதற்கான ஏற்பாடு. வாசிக்கிறவர் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, அது எந்த அலமாரிக்குக் கூட்டிப் போகிறதோ அங்கெல்லாம் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பான் பிடியில் இருந்ததே, அந்த ஜப்பான்காரன் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அதில் 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போனவர்களும் சேர்ந்த ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இப்போது அந்த ரயிலைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுங்கள். நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைத்தான். தமிழர், தோட்டம், தொழிலாளர் என்ற சொற்களுக்கு எதிரே எத்தனை பக்க எண்கள் இருக்கின்றன என்று பார்ப்பேன். பல புத்தகங்களில் ஒன்றோ இரண்டோதான். அதிகம் இறந்தவர்களுக்குக் குறைவான பக்கம்.

அந்தக் குறையை எனக்குத் தீர்த்துவைத்தது போர் வரலாற்று அலமாரி அல்ல, நாவல் அலமாரி. நம் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. வகையை மட்டும் நம்பிப் போயிருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

ஜெலுத்தோங் மாறன்:

அக்கா, அலமாரியை நம்பக் கூடாது என்பது வரைக்கும் சரி. உங்கள் சொல்லடைவுச் சோதனையை ஏற்க மாட்டேன்.

போர்க்கைதியாக இருந்த ஒரு ராணுவ மருத்துவர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியபோது தன் கூடாரத்தில் எத்தனை பேர், கையிருப்பில் என்ன மருந்து, கொதிக்க வைத்த தண்ணீர் எவ்வளவு என்றுதான் அவர் எழுதியிருப்பார். பக்கத்து முகாமில் தமிழர்கள் செத்துக்கொண்டிருந்ததை ஒரே வரியில் சொல்லியிருப்பார். அந்த ஒரு வரிக்காகவே அந்தப் புத்தகம் நமக்கு வேண்டும். பக்க எண்களை எண்ணிப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப அடுக்கில் வைத்தால் நட்டம் நமக்குத்தான்.

இன்னொன்று. 'நம்மைப் பற்றி எத்தனை பக்கம்' என்பதையே அளவுகோலாக வைத்தால் வாசிப்பு நம் வீட்டு வாசலைத் தாண்டாது. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் என்ற எழுத்தாளர் இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் இருந்த பெண்களை நூற்றுக்கணக்கில் தேடிப் பிடித்து, அவர்கள் பேசியதையே நூலாக்கினார். 1985-இல் வந்தது, 2015-இல் அவருக்கு நோபல் பரிசு. அதில் நம்மவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் குறிபார்த்துச் சுடும் பெண்ணும் தாதியும் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காலுக்குப் பெரிதான பூட்ஸ். முதல் நாளே வெட்டப்பட்ட சடை. அதைப் படித்த பிறகுதான், 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நம் தோட்டத்துப் பெண்களிடம் என்ன கேள்விகள் கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. வெளியே போனதால்தான் உள்ளே இருப்பது தெரிந்தது.

பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்ட்:

போன வாரம் கேட்ட தம்பி நான்தான். நான் கேட்டது ஓய்வு நேரத்தில் படிக்க. அக்காவும் அண்ணனும் ஒரே அடியாகப் போருக்குள் போய்விட்டீர்கள்.

எனக்குப் புத்தகம் கிடைப்பது வீடியோக்களில்தான். அதை ஏன் எல்லாரும் மட்டம் தட்டுகிறீர்கள்? பள்ளியை விட்ட பிறகு நான் ஒரு புத்தகமும் தொட்டதில்லை. மலாய் மொழியில் ஒரு பெண் பேய்க்கதைகளைப் பற்றிப் பேசும் வீடியோ பார்த்துத்தான் திரும்ப ஆரம்பித்தேன். 2011-இல் தொடங்கிய ஃபிக்ஸி பதிப்பகத்தின் மலாய் நாவல்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கதை நடக்கிற இடம் நாம் குடியிருக்கிற மாதிரி அடுக்குமாடிதான். பிக் பேட் வுல்ஃப் புத்தக மலிவு விற்பனை இரவெல்லாம் திறந்திருந்தபோது வேலை முடிந்து நேராகப் போயிருக்கிறேன். அங்கே திகில் மேசை, மாயக்கதை மேசை என்று பிரித்து வைத்திருப்பதால்தான் என்னைப் போன்றவர்களுக்குத் தேட முடிகிறது. வகை இல்லையென்றால் அத்தனை ஆயிரம் புத்தகங்களுக்கு நடுவில் நான் என்ன செய்வேன்?

ஆயர் ஈத்தாம் சார்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். வீடியோ பார்த்து வந்தாலும் வாசிக்க வந்தவர் வந்தவர்தான். நான் பல வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவன், நான் சொல்லிப் படித்த பிள்ளைகளைவிடத் தானாகப் பேய்க்கதை தேடிப் போன பிள்ளைகளே இன்றும் வாசிக்கிறார்கள்.

ஆனால் எது நல்ல திகில் என்ற கேள்வி இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்துப் பாருங்கள். சிறுகதைதான், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். ஒரு எழுத்தாளர், அவர் மனைவி, வீட்டுக்கு வந்து சேர்கிற ஒரு பெண். பயமுறுத்துவதற்கென்று எழுத்தாளர் எதையும் எடுத்துப் போடுவதில்லை. வீடு அதேதான், சமையல் அதேதான், ஆனாலும் அந்த வீட்டில் தூங்க முடியாது. நடந்தது என்ன என்று கடைசி வரைக்கும் நமக்கு உறுதியாகத் தெரியாது. மறுநாள் பகலில் நினைத்தாலும் பயம் குறையாமல் இருந்தால் அது நல்ல திகில் கதை. இது என் அளவுகோல்.

வாசகி அம்மா சொன்னதற்குப் பினாங்கிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 1941 டிசம்பர் 11-இல் ஜார்ஜ் டவுனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்தன. சில நாளில் ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகத் தீவை விட்டுப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் கொடி அப்படியே பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கிறவரை குண்டும் விழும். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகை ஆசிரியராக இருந்த எம். சரவணமுத்து அந்தக் கொடியை இறக்கினார். பினாங்கில் படை எதுவும் இல்லை என்று வானொலியிலும் அறிவிக்க ஏற்பாடு செய்தார். இலங்கைத் தமிழர். அவர் எழுதிய 'தி சாரா சாகா' 1970-இல் வந்தது, பிறகு மறுபதிப்பும் கண்டது. அது தன்வரலாறு. போர் வரலாற்று அலமாரியில் தேடினால் சிக்காது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

சவுராஸ்தா பசார் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே தேடும் வழக்கம் எனக்கு உண்டு. கடைக்காரரிடம் 'போர்ப் புத்தகம்' என்று கேட்டால் டாங்கி படம் போட்டதைத்தான் எடுத்துக் கொடுப்பார். 'ஜப்பான் காலத்தில் இங்கே இருந்தவர் எழுதியது ஏதாவது' என்று கேட்டுப் பாருங்கள். அடியிலிருந்து வேறு கட்டு வரும்.

பூச்சோங் கவிதா:

வாழ்வியல் என்றதும் ஒருவரும் வாயே திறக்கவில்லையே? அந்த அலமாரியைத்தான் இங்கே எல்லாரும் தாழ்வாகப் பார்க்கிறீர்கள் போல.

ஒப்புக்கொள்கிறேன், அதில் பாதி ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டியதை இருநூறு பக்கத்துக்கு இழுத்தவை. காலை ஐந்து மணிக்கு எழு, தினமும் எழுது, தேவையில்லாததைத் தூக்கிப் போடு. வாடகை வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளுமாக இருக்கிறவளுக்கு 'உனக்கென ஓர் அறை' என்ற அத்தியாயம் எதற்கு உதவும்? ஆனால் அதே அலமாரியில்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருக்கிறது. 1951-இல் வந்த புத்தகம். பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லாமல் தனிக்குடித்தனம் போகிற பெண்ணை மனதில் வைத்து, புளி எவ்வளவு, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், இத்தனை பேருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார். எனக்கு அம்மா கொடுத்த பிரதியில் சாம்பார் பக்கம் மஞ்சள் கறை படிந்து ஒட்டிக்கொண்டே வரும். 'இதைச் செய், இப்படி வரும்' என்று சொல்லி, சொன்னபடி வருகிற புத்தகம் அது. வாழ்வியல் நூலுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அதனால் என் வழி: எந்த அத்தியாயமாவது இன்றைக்கே செய்து பார்க்கிற மாதிரி இருக்கிறதா என்று கடையிலேயே நின்று பார்ப்பேன். இல்லையென்றால் வாங்க மாட்டேன்.

ஜெலுத்தோங் மாறன்:

கவிதா, இதைத்தான் நானும் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது எழுத்தின் துல்லியத்தை. நம்மூர்ச் சமையலா என்று பார்த்து அந்த முடிவுக்கு வரவில்லை.

செந்தூல் வாசகி:

மாறன், அவசரப்பட வேண்டாம். தனிக்குடித்தனம் போகிற பெண்ணின் நிலைமை அந்த அம்மாளுக்குத் தெரியும், அதனால்தான் துல்லியம் வந்தது. வாசகர் யார் என்று தெரியாதவர் எவ்வளவு அழகாக எழுதினாலும் துல்லியமாக எழுத முடியாது. வாடகை வீட்டுக்காரியிடம் தனி அறை கேட்கிற புத்தகம் தோற்பது எழுத்தில் அல்ல, ஆளைத் தெரியாததில்.

மாயக்கதையிலும் பாருங்கள். ஸென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்', 2021-இல் வந்த ஆங்கில நாவல். அமெரிக்காவிலிருந்து பெற்றோரோடு பினாங்குக்குத் திரும்பும் பெண்ணுக்கு இறந்துபோன பாட்டியின் குரல் கேட்கிறது. கோயில் நிலத்தில் கட்டடம் கட்ட நினைக்கிற முதலாளி மேல் அந்தப் பாட்டிக்குத் தீராத கோபம். கடையில் மாயக்கதை மேசையில் இருக்கும். ஆனால் தோட்டம் விற்கப்பட்டு, வீட்டுமனைக்காக முனியாண்டி கோயில் இடம் மாற்றப்பட்டதைக் கண்டவர்களுக்கு அது மாயமாகத் தெரியாது. சீனக் குடும்பத்துக் கதைதான், அதில் நம்மைப் பற்றி ஒரு பக்கமும் தேவைப்படவில்லை. இடம் தெரிந்தவர் எழுதியது என்பதுதான் காரியம். நம் தோட்டத்துச் சாமிகளை வைத்து இப்படி ஒரு முழு நாவலைத் தமிழில் யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஜெலுத்தோங் மாறன்:

நல்ல நாவல், படித்திருக்கிறேன். ஆனால் ஜார்ஜ் டவுனில் கால் வைக்காதவர்களும் அதை விரும்பிப் படிக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு நம் தெருவும் தெரியாது, முனியாண்டியும் தெரியாது. சாகாத கோபத்தோடு ஒரு பாட்டி பேசுவது மட்டும் போதுமாக இருக்கிறது.

என் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த வகையாக இருந்தாலும் முதல் அத்தியாயத்தைப் படிப்பதில்லை, அதை எல்லாருமே மெருகேற்றித்தான் வைத்திருப்பார்கள். நடுவில் திறந்து இரண்டு பக்கம் படிப்பேன். அங்கேயும் எழுதியவர் கவனத்தோடு இருந்தால் வாங்குவேன். போர் வரலாறு என்றால் கூடுதலாக ஒன்று: எண்ணிக்கை சொல்கிற இடத்தில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறாரா, 'மதிப்பீடு' என்று ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பேன். ரயிலில் இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு முழுமையான பெயர்ப் பதிவேடு கிடையாது. அதைச் சொல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் உறுதியாக எழுதுகிறவரை நான் நம்ப மாட்டேன்.

பூச்சோங் கவிதா:

விலையைப் பற்றியும் பேசுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகத்தில் அச்சிட்ட ரூபாய் விலைக்கு மேல் ரிங்கிட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்ததும் கை பின்வாங்கும். நடுவில் திறந்து பார்க்கலாம் என்றால் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பார்கள்.

ஆயர் ஈத்தாம் சார்:

உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் அம்மா. நல்ல கடைக்காரர் பிரித்துக் கொடுப்பார். கோலாலம்பூரில் இருக்கிறவர்களுக்குத் தேசிய நூலகம் ஜாலான் துன் ரசாக்கிலேயே இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய ஆய்வியல் துறை வந்த காலத்திலிருந்து சேர்ந்த தமிழ் நூல்களும் உண்டு. பழைய மலேசியத் தமிழ் நாவல்களைக் கடையில் தேடி அலைவதைவிட நூலகத்தில் கேட்பது நல்லது.

பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்ட்:

சரி, எனக்கு ஒரே ஒரு தமிழ்ப் புத்தகம் சொல்லுங்கள். மலாயும் ஆங்கிலமும் வேகமாகப் படிப்பேன், தமிழ் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். பேய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கீழே வைக்க முடியாததாக இருக்க வேண்டும்.

செந்தூல் வாசகி:

'சயாம் மரண ரயில்' தம்பி. யோசிக்கவே வேண்டாம். நம் ஆட்கள், நமக்குத் தெரிந்த பேச்சு, தமிழ் மெதுவாக வருகிறவருக்கும் தடங்கல் இருக்காது.

ஜெலுத்தோங் மாறன்:

அதற்கு முன்னால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதில் ஆரம்பிக்கும், பிறகு பினாங்குக்கும் வரும். 1972-இல் வந்த நாவல். போர் நாவலா, சாகச நாவலா என்று எந்த அலமாரியாலும் பிடித்து வைக்க முடியாதது. அக்கா கட்சிக்கும் பொருந்தும், என் கட்சிக்கும் பொருந்தும்.

செந்தூல் வாசகி:

நாவலைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. தமிழ் மெதுவாக வருகிற பிள்ளைக்கு முதல் புத்தகமாக அதைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். நடுவில் பழைய இலக்கிய வரிகளாக வந்து விழும், மூடி வைத்துவிடுவார்.

ஆயர் ஈத்தாம் சார்:

மூட மாட்டார் அம்மா. அதில் வருகிற மலாய்ச் சொற்களுக்குத் தமிழ்நாட்டு வாசகர்கள்தான் தடுமாறுவார்கள், நம் பிள்ளை சரளமாகத் தாண்டிவிடுவார். தம்பி, நீ தீவில்தானே இருக்கிறாய்? என்னிடம் இரண்டும் இருக்கின்றன. வேலை இல்லாத ஒரு நாளில் வீட்டுக்கு வந்து இரண்டிலும் நடுவில் திறந்து படித்துப் பார். எது இழுக்கிறதோ அதைக் கொண்டுபோ, முடித்துவிட்டு இங்கே எழுது.